ஜெப விண்ணப்பத்தில் என் பெயர்

லாலாகுடா,
திங்கள்

அக்கா,

ஸ்தோத்திரம் என்று தொடங்க இன்று மனம் வரவில்லை.

மூன்று பள்ளிகளின் ஆண்டுவிழாவுக்கு மயில்தோகையும் புலிவாலும் தைத்துக்கொண்டிருக்கிறேன், பதற்றத்தில் ராத்திரி தூக்கமே இல்லை, கிறிஸ்துமஸ் நாடகத்தின் இருபத்திரண்டு தேவதூதர் அங்கிக்கு வேறு யாரையாவது பார் என்று உன்னிடம் கெஞ்சினேன். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நீயோ துணியை அனுப்பிவிட்டு, பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து நின்று, "என் தங்கச்சிக்குப் பய ஆவி பிடிச்சிருக்கு, ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லியிருக்கிறாய்.

நேற்று பிளெசி சண்டே ஸ்கூலிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். "மம்மி, உனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு ரயான் சொல்றான். நிஜமா?"

ஏழு வயதுப் பிள்ளையிடம், "பேயெல்லாம் இல்லடா, மம்மிக்குப் பதற்றம், அதுக்கு மருந்து இருக்கு" என்றேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை இத்தனை நாளும் அவளுக்குத் தெரியாமல்தான் விழுங்கினேன். நேற்று அவள் எதிரிலேயே விழுங்கினேன்.

துணி மூட்டையை இந்தக் கடிதத்தோடு மௌலா அலியில் உன் வீட்டுக்கு ஆட்டோவில் அனுப்புகிறேன். பிளெசியின் அங்கிக்கு மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். இனி தினமும் நான்கு மணிக்கு அவள் பள்ளியிலிருந்து வந்ததும் மெஷினை மூடிவிடுவேன். அதற்குப் பிறகு நீ தாராளமாக வரலாம், காபி தருகிறேன். துணிப்பை மட்டும் நக்கோ, வேண்டவே வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் மறக்காமல் எழுந்து சாட்சி சொல். உன் ஜெபம் கேட்கப்பட்டது. முப்பத்தைந்து வருடமாக உன்னிடம் முடியாது என்று சொல்லப் பயந்தவள் இன்று சொல்லிவிட்டாள்.

உன் தங்கை