கொண்டை ஊசியைப் பல்லில் கவ்வியவள்

வினாகிரியில் நனைத்த துணியின் மணம் மூக்கில் ஏறியதும் இன்றும் உன் நினைவுதான். லிபெர்த்தா தெருவில் நம் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டு நடைக்கூடத்தில் அந்த ஜப்பான் படங்களின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்பு நாம் இரண்டு பேர் செய்த வேலை. உனக்கு மேல்வரிசை, எனக்குக் கீழ்வரிசை. இப்போது இரண்டும் என் தலையில்.

மரப்பலகையில் செதுக்கி, மை பூசித் தாளில் அச்செடுத்தவை என்று சிஞ்ஞோரா ஒருநாள் நமக்கு விளக்கினார். ராணியோ தேவதையோ அவற்றில் இல்லை. ஒருத்தி துணி அலசுகிறாள், ஒருத்தி நுளம்பு வலை கட்டுகிறாள், ஒருத்தி பிள்ளைக்கு நகம் வெட்டுகிறாள். உனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“எடியே, உதையெல்லாமோ கீறிக் கண்ணாடி போட்டு வைச்சிருக்கினம்? பிரான்காச்சோவிலை என்ரை வீட்டுக்கு வந்து குசினிக்கை நிண்டால் ஆயிரம் படம் கீறலாம்.”

வரிசையின் கடைசிப் படம்தான் உன் கூட்டாளி. இரண்டு கையாலும் கூந்தலைத் தூக்கிப் பிடித்து, கொண்டை ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டு நிற்பவள். வேலைக்கு வந்ததும் நீயும் அப்படியே அவள் முன்னால் நின்று கொண்டை போடுவாய். வாயில் ஊசி இருந்தாலும் உன் கதை நிற்காது. நீ சொல்வதில் பாதி எனக்கு விளங்காது. விளங்கியது போல “ஓம், ஓம்” என்பேன்.

அந்த நேரம் பார்த்து நான் படம் எடுக்கப் போனைத் தூக்கினால் மட்டும் உன் கை குறுக்கே வந்துவிடும். “பொறடி, தலை இழுத்து நல்ல சேலை கட்டிக்கொண்டு வாறன், அப்ப எடு.” அந்த ‘அப்ப’ வரவே இல்லை. வயிற்று நோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். மழைக்காலம் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அஞ்சலிக்கு வைக்கப் படம் தேடினோம். கொண்டாட்டப் படங்களில் எல்லாம் யாருடைய தோளுக்குப் பின்னாலோ ஒளிந்து நிற்கிறாய். கடைசியில், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அட்டைக்கு எடுத்த படத்தைத்தான் பெருப்பித்தோம். ஸ்டூடியோக்காரர் அதில் ஒரு பட்டுச் சேலையும் பதக்கச் சங்கிலியும் ஒட்டிக் கொடுத்தார். மேலே பொலிசைக் கண்டது போல வாயை இறுக்கிய முகம், கழுத்துக்குக் கீழே கலியாண வீடு. முப்பத்தோராம் நாள் பூசையில் அதைப் பார்த்துவிட்டு உன் மகள் என் கையைப் பிடித்தாள்.

“நோ, அன்ரி, உது அம்மா இல்லை. வீட்டிலை சும்மா நிக்கிற அம்மாவின்ரை படம் ஒண்டும் இல்லையோ உங்களிட்டை? முகம் மறந்திடுமோ எண்டு பயமாக் கிடக்கு.”

என் போனில் இருந்ததெல்லாம் உன் உள்ளங்கைதான். அதை அவளிடம் எப்படிக் காட்டுவது?

சென்ற வாரம் சிஞ்ஞோராவிடம் கேட்டு உன் மகளை அந்த நடைக்கூடத்துக்குக் கூட்டி வந்தேன். படம் இல்லாவிட்டாலும் உன் கூட்டாளியையாவது காட்டலாம் என்றுதான். நீ நின்ற இடத்தைக் காட்டினேன், நீ விட்ட பகிடிகளைச் சொன்னேன். அழுதாள். நானும் அழுதேன். உன்மேல் கோபமும் வந்தது. ஒரேயொரு படம் எடுக்க விட்டிருந்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

வெயில் பட்டால் சாயம் போய்விடும் என்று நடைக்கூடத்து ஜன்னலை நாம் சாத்தியே வைப்போம். பிள்ளை வடிவாகப் பார்க்கட்டும் என்று கொஞ்சம் திறந்துவிட்டேன். படத்தைப் பார்க்க அவள் குனிந்தபோது முடி முகத்தில் விழுந்தது. தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் முடியை அள்ளித் தூக்கினாள். கிளிப்பைக் கவ்வியபடியே என்னிடம் ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

“ஓம், ஓம்” என்றேன். பழக்கதோஷம். போனைத் தூக்கினேன். குறுக்கே கை வரவில்லை.

எடுத்த படத்தை அவளிடம் நீட்டினேன். கனநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “அம்மா” என்றாள்.

இன்று மேல்வரிசையைத் துடைக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் “ஓம், ஓம்” என்று என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் காலைநேரங்களில் எல்லாம் நீ என்னதான் சொன்னாய் என்று ஒருதரமாவது திருப்பிக் கேட்டிருக்கலாம்.