முகாம் வாசலில் நம் ஆண்டு விழா

மாமி,

காலையிலிருந்து எங்கள் காட்டூர் வீடு முழுக்கப் புளிக்காய்ச்சல் வாசனை. சங்கத்தின் ஆண்டு விழாவுக்காக நானே கிளறினேன். உங்கள் பக்குவம் வரவில்லை, வெந்தயம் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. நீங்கள் இருந்தால் விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "பரவாயில்லை, ரயில்வே கேன்டீனுக்கு அனுப்பலாம்" என்று சொல்லியிருப்பீர்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு வரும் முதல் விழா இது. திட்ட ஆளில்லாமல் சமைத்தால் ருசி எங்கிருந்து வரும்?

இலங்கை அகதி முகாம் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துப் படிக்கவைக்க ஒரு சங்கம் என்று பலகை மாட்டினோம். நீங்கள் தலைவர், நான் செயலாளர், மற்ற உறுப்பினர்கள் கைதட்ட. நான் ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. ஆனாலும் பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு கவரைக்கூட ஒட்ட மாட்டீர்கள். ராகு காலத்தில் போன் வந்தால், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். ராகு காலத்திலும்தானே ரயில் ஓடுகிறது என்பேன். "அதான் லேட்டா வரது" என்பீர்கள். உங்களிடம் வாதாடி யார் ஜெயித்தார்கள்!

நிரோஜா விஷயத்தில் அந்தப் பஞ்சாங்கம்தான் நம்மைக் கவிழ்த்தது. முகாமிலேயே பிறந்த பெண், பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கு முதல், இயற்பியல் படிக்க ஆசை. ஒரு கல்லூரித் தாளாளரிடம் நடையாய் நடந்தோம். அவரும் சளைக்காமல் "பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அட்மிஷன் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. சீட் கிடைக்காவிட்டால் நிரோஜா சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக்கடையில் புடவை மடிக்கப் போக வேண்டும். கடையில் பேசியும் வைத்துவிட்டார்கள்.

அவரையே விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்து, சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, நிரோஜாவை எதிரில் நிறுத்திவிடுவது என்று திட்டம் போட்டீர்கள். "சால்வை போட்டுண்டவர் சபையில இல்லைன்னு சொல்ல மாட்டார்" என்பது உங்கள் சித்தாந்தம். பஞ்சாங்கத்தை அலசி ஒரு வெள்ளிக்கிழமை குறித்தீர்கள். வளர்பிறை, அமிர்த யோகம், ஒன்பதரைக்கு ஆரம்பம். ஸ்ரீரங்கத்தில் மண்டபம், பேனர், அண்டா நிறையப் புளியோதரை. முகாமுக்கு நாளைச் சொன்னோமே தவிர, அந்த நாள் தோதுப்படுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாளாளர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். மண்டபத்தில் நாமும் வாட்ச்மேனும் ஒரு பூனையும்தான் இருந்தோம். நிரோஜாவுக்குப் போன் போட்டேன்.

"அன்ரி, இண்டைக்கு செக்கிங். வெள்ளன முடிஞ்சிடும் எண்டு நினைச்சம், ஆர்.ஐ. இன்னும் வரேல்ல. பேர் கூப்பிடேக்க ஆள் நிக்காட்டி பதிவை வெட்டிப்போடுவினம். விழா நாளை மாத்தச் சொல்லி உங்களட்டக் கேக்கக் கூச்சமா இருந்தது."

மாதாமாதம் வருவாய் ஆய்வாளர் முகாமுக்கு வந்து பெயர் கூப்பிடுவார், ஒவ்வொருவரும் நேரில் நிற்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா? நீங்கள் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்து, "அமிர்த யோகம்னுதான் போட்டிருக்கான்" என்று அச்சடித்தவன் தலையில் பழியைப் போட்டீர்கள். பிறகு நேராகத் தாளாளரிடம் போய், விழா முகாமில்தான் என்றும், அவரை வரவேற்க மட்டுமே இங்கே அழைத்ததாகவும் கூசாமல் சொன்னீர்கள். பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு! அவருடைய காரின் பின் சீட்டில் நமக்கு நடுவே அண்டா ஏறியது. காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் சீட் உறையில் எண்ணெய் இறங்கிவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை, பாவம்.

முகாம் வாசலில் புங்க மரத்தடியில் ஒருவழியாக ஆர்.ஐ. வந்து மேஜை போட்டிருந்தார். எதிரே நீண்ட வரிசை. தாளாளருக்கு அவர் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீங்கள் அவசரமாகப் போர்த்திய சால்வை. மேலிடத்திலிருந்து வந்திருக்கும் பெரிய அதிகாரி என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஆர்.ஐ.யிடம் அகதி அட்டையைக் காட்டியவர்கள் அடுத்து அவரிடமும் நீட்டினார்கள். அவரும் வாங்கி, புரட்டி, தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார். ஆர்.ஐ.க்கும் சந்தேகம் வந்து, தனக்கு வந்த டீயை அவர் பக்கம் நகர்த்தினார். ஒரு பெரியவர் கூரை ஒழுகுவதாக மனுவே கொடுத்துவிட்டார். அதற்கும் "பார்க்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் என் தொடையில் கிள்ளினீர்கள்.

நிரோஜாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அட்டையைக் காட்டிவிட்டுத் தாளாளர் முன்னால் வந்து நின்றாள். "என்னம்மா படிக்கிற?" என்று அதிகாரித் தோரணையிலேயே கேட்டார்.

"இன்னும் சேரேல்ல சேர். உங்கட காலேஜிலதான் கேட்டிருக்கிறன்."

அவர் முகத்திலிருந்து அதிகாரி இறங்கிவிட்டார். வரிசையே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு ஆர்.ஐ. பக்கம் திரும்பி, இந்தப் பெண் காலையில் விழாவுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். ஆள் இல்லை என்று குறித்திருப்பேன் சார், என் கையில் என்ன இருக்கு என்றார் அந்த மனிதர்.

"சரி, கிளம்பி வாம்மா. இப்பவே போய்ச் சேர்த்துடுவோம்" என்றார் தாளாளர்.

என் கண் கைக்கடிகாரத்துக்குப் போயிற்று. மணி பதினொன்று, வெள்ளிக்கிழமை. நட்டநடு ராகு காலம். "மாமி, மணியப் பாத்தீங்களா?" என்று உங்கள் காதோடு கேட்டேன்.

"அந்த வாட்சைக் கழட்டிப் பையில போடுடி" என்று நிரோஜாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டீர்கள்.

நானும் புளியோதரையும் முகாமிலேயே தங்கினோம். பந்தி போட்டு முடித்து நான் ஆட்டோவில் ஸ்ரீரங்கம் வந்தபோது நீங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். சீட் கிடைத்த சந்தோஷம் முகத்தில் இல்லை. "பள்ளிக்கூடத்துலயே முதலா வந்த பொண்ணை நிக்க வெச்சுத் தலையை எண்றா. நான் இத்தனை வருஷம் நல்ல நேரம் பாத்துண்டிருந்தேன்" என்றீர்கள். உங்களை நான் அவ்வளவு கோபமாகப் பார்த்ததே இல்லை.

நிரோஜா எம்.எஸ்சி. முடித்து ட்யூஷன் சென்டரில் இயற்பியல் எடுக்கிறாள். உங்களுக்குப் பிறகு அவளைத்தான் தலைவராக்கினோம். நல்ல தலைவர், என்னை உங்களைவிட அதிகமாக அதட்டுகிறாள். போன மாதக் கூட்டத்துக்கு உறுப்பினர்களெல்லாம் வந்து காத்திருந்தோம், தலைவரைக் காணவில்லை. போன் போட்டால், "அன்ரி, செக்கிங்" என்றாள்.

எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போனேன். நம் சங்கத்தின் தலைவர் வெயிலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பெயர் கூப்பிட்டதும் "நிக்கிறன்" என்றார். எனக்கு வந்த கோபம் அன்றைக்கு உங்களுக்கு வந்த அதே கோபம், மாமி. அதை அணையவிடாமல் வைத்திருக்கிறேன். அங்கேயே நின்றபடி கூட்டத்தை ஆரம்பித்தோம்.