ஓங்கில் குட்டி

அன்பில்லாத அப்பாவுக்கு,

நேற்று நீச்சல் குளத்தில் உங்கள் புது வீட்டுப் பையனைத் தண்ணீரில் தாங்கிக்கொண்டு, "ஓங்கில் குட்டி, காலை உதைடா!" என்றீர்கள். டால்பினுக்கான அந்தப் பழைய சொல்லை எனக்குச் செல்லப்பெயராக வைத்தது நீங்கள்தானே? எங்களை விட்டுப் போனபோது அதையும் பெட்டியில் போட்டுக்கொண்டீர்களா?

கடலில் பெயருக்கா பஞ்சம்? உங்கள்மேல் அப்படி ஒட்டிக்கொள்கிறானே, கடல் அட்டை என்று கூப்பிடுங்கள்.

நீங்கள் துண்டு எடுக்கப் போன நேரத்தில் அவனிடம், "ஓங்கில்னா சாக்கடைப் புழுடா" என்று ஒரு போடு போட்டேன். அழுவான் என்று பார்த்தால் சிரித்துத் தொலைத்தான். "வாங்கக்கா, எங்கப்பா உங்களுக்கும் நீச்சல் சொல்லித் தருவாரு" என்று என் கையை வேறு பிடித்தான்.

நான் ஒருத்தி இருப்பதையே அவனிடம் நீங்கள் சொல்லவில்லை.

இப்படிக்கு,
யாரோ ஒரு அக்கா