பின் சீட்டின் இடது மூலை

மதினி,

முற்றத்தில் சாக்கை விரித்து, ஜீப்பிலிருந்து கழற்றிய நாலு பழைய ஸ்ட்ரட்டுகளையும் அதன் மேல் கிடத்தியிருக்கிறான் மகன். சக்கரத்துக்கு மேலே நின்று, பாதை கொடுக்கும் அடியைத் தான் வாங்கிக்கொண்டு நம் உடம்புக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் சாமான் அது. பழைய இரும்பு எடுக்கிறவர் இன்னும் வரவில்லை. அவற்றில் ஒன்று கறுப்பு எண்ணெயைக் கசியவிட்டுச் சாக்கை நனைத்துக்கொண்டிருக்கிறது. வெயில் ஏறியதும் அதன் நாற்றம் சமையலறை வரைக்கும் வந்தது. தோட்டத்து லொறியின் நாற்றம். அந்த நாற்றம் வந்தால் உங்கள் முகமும் கூடவே வந்துவிடும். அதனால்தான் பேத்தியின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் படித்ததோடு கூடை மாட்டியவள் நான். என் எழுத்தைப் பார்த்தால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எழுத்துத்தான் கோணல். ஞாபகம் நேராகத்தான் இருக்கிறது.

கசிகிற அந்த ஒன்று, பின்பக்கத்து இடது சக்கரத்துடையது. உங்கள் மூலை.

கொஸ்லந்தைக்கு மேலே, நம்முடைய பழைய தோட்டம். எனக்கு முதல் பிள்ளை. மாதம் நிறைவதற்கு முன்பே வலி எடுத்துவிட்டது. என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட மேல்மலைக்குப் போயிருந்தார். மருந்து கொடுக்கிற ஐயா வந்து பார்த்துவிட்டு, இங்கே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார். நல்ல வேளையாகக் கொழுந்து லொறி பதுளைக்குப் புறப்பட்டு நின்றது. நல்ல வேளை என்றுதான் அப்போது நினைத்தேன். லொறி நின்றது உங்களுக்காக. கணக்கப்பிள்ளையின் மனைவி கல்யாணத்துக்குப் போகிறார்.

முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் மெத்தை சீட்டு, ரெண்டு பேர் தாராளமாக இருக்கலாம். ஓரத்தில் நீங்கள், மாம்பழக் கலர் பட்டில். உங்களுக்கும் டிரைவருக்கும் நடுவில் ஒரு முறுக்கு டின்.

டிரைவர் இறங்கி வந்து என்னைப் பார்த்தார். "அக்கா, டின்ன பின்னுக்கு வைப்போம். புள்ளத்தாச்சி முன்னுக்கு ஏறட்டும்" என்றார்.

"வேணாம், பலகாரம் ஒடைஞ்சிரும்" என்றீர்கள். "கல்யாண வீட்டுக்குத் தூளையா அள்ளிக்கிட்டுப் போறது? அவ லயத்துல பொறந்தவ, குலுக்கலுக்குப் பழகின ஒடம்பு. பின்னால சாக்கு விரிச்சுப் படுக்க வைங்க."

நீங்களும் அதே லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்தான் மதினி. கணக்கப்பிள்ளையைக் கட்டியதும் அது உங்களுக்கு மறந்துவிட்டது.

லொறியின் பின்பக்கத்து வில்லுப்பட்டையில் ஒன்று ஒடிந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதற்கு நேர் மேலே என் முதுகு. ஒவ்வொரு குழியிலும் பலகை என்னைத் தூக்கி அடித்தது. நான் கத்தினேன். முன் சீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக நீங்கள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு பதுளை வரைக்கும் உங்கள் பக்கத்துச் சீட்டு சும்மாதான் இருந்தது.

பெண் பிள்ளை. அழவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட நான் ஒருவேளை மறந்திருப்பேன். நீங்கள் கல்யாணம் முடிந்து திரும்பி வந்து, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று எல்லோருக்கும் சொன்னீர்கள். "நான் சொல்லச் சொல்லக் கேக்காம வெறகு சொமந்தா. அதான் தங்கல." உங்கள் தம்பி அதைத்தான் நம்பினார். சாகும் வரைக்கும், பிள்ளையைத் தொலைத்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டே என்னோடு வாழ்ந்தார். கல்யாண வீட்டில் உங்கள் முறுக்கை எல்லோரும் புகழ்ந்தார்களாம். ஒன்றுகூட உடையவில்லையாம். அதையும் நீங்களே என்னிடம் சொன்னீர்கள். அன்றிலிருந்து நான் முறுக்கு வாயில் வைத்ததில்லை.

உங்களிடமிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பேச்சு. "நான் எந்திரிச்சு எடம் விட்டிருக்கணும்." அவ்வளவுதான். யார் முன்னாலும் சொல்ல வேண்டாம். என்னிடம் சொன்னால் போதும்.

கணக்கப்பிள்ளை போய்ச் சேர்ந்தார். உங்கள் மகள் வெளிநாட்டில் நின்றுவிட்டாள். ஹாலிஎலைக்கு மேலே வீடு கட்டி, மரக்கறி வியாபாரம் செய்து, ஜீப்பும் வாங்கிவிட்ட என் மகன் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அம்மா, அத்தைய நம்ம வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரவா?"

"கூட்டிக்கிட்டு வா" என்றேன். அம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அவன் நினைத்துக்கொண்டான். நினைக்கட்டும் என்று விட்டேன்.

மாதா மாதம் உங்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கொண்டு போவோம். ஹாலிஎலையிலிருந்து நம் வீட்டுக்கு ஏறும் தோட்டப் பாதையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜீப்பின் ஸ்ட்ரட்டுகள் அப்போதே தேய்ந்திருந்தன. பிரேக் பிடித்தால் முன்பக்கம் தலைகுத்தும். பின் டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்தது. இடது பின் சக்கரம் குழியில் விழுந்தால் 'டக்' என்று இரும்போடு இரும்பு மோதும். "மாத்தணும்மா" என்று மகன் சொல்லும்போதெல்லாம், "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்றேன். இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். சிக்கனம் பார்க்கிறாள் கிழவி என்று நினைத்திருப்பான்.

முன் சீட்டில் நான். பின்னால், இடது மூலையில், நீங்கள். இப்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்: அந்த மூலையை உங்களுக்குப் பார்த்துக் கொடுத்தவள் நான். 'டக்' என்று கேட்கும்போதெல்லாம் கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவளும் நான்தான்.

போன தீபாவளி ஞாபகம் இருக்கிறதா? பதுளையில் ஒரு டின் முறுக்கு வாங்கி வலது பக்கத்து நல்ல சீட்டில் வைத்தேன். நீங்கள் அந்தப் பக்கம் ஏறப் போனீர்கள். "இடது பக்கம் உக்காருங்க மதினி. பலகாரம் ஒடைஞ்சிரும்" என்றேன்.

நீங்கள் டின்னைப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். வாய் லேசாகத் திறந்தது. இப்போது சொல்வீர்கள் என்று காத்து நின்றேன். பஸ் நிலையத்துச் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

"முட்டி வலிக்குது புள்ள, கையக் கொஞ்சம் புடி" என்றீர்கள்.

பிடித்து ஏற்றிவிட்டேன். கோயில் வளைவில் மதகு உடைந்து கிடக்கும் இடத்தில் உங்கள் தலை கூரையில் இடித்தது. அப்போதும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

உங்களை முடித்தது சிறுநீரகம் என்று டாக்டர் சொன்னார். பாதையை யாரும் குற்றம் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே பேத்தி பிரசவத்துக்காகக் கொழும்பிலிருந்து வந்துவிட்டாள். உங்கள் சாம்பலுக்குப் பால் தெளித்துக் காடாத்து முடிந்த மறுநாள் காலையில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மகனிடம் சொன்னேன். "ஸ்ட்ரட்ட மாத்து. நாலையும்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "அத்தை இருக்கையில வேணாம்னீங்க. இப்ப என்னா அவசரம்?"

"இப்பதான் அவசரம்."

பதுளை பஜாரில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா எனக்குக் கதிரை போட்டுக் கொடுத்தார். "மூணு விதமா ஈக்குதும்மா" என்று மேசையில் எடுத்து வைத்தார். ஒன்று அசல் ஜப்பான். ஒன்று விலை குறைந்த புதுசு. மற்றது, பழையதைப் பிரித்து எண்ணெய் மாற்றி மூடிய ரீகண்டிஷன். அந்த ரீகண்டிஷன்தான் பார்க்க மூன்றிலும் அழகாக இருந்தது, கறுப்புப் பெயின்ட் பளபளவென்று. முகர்ந்து பார்த்தேன். மேலே பெயின்ட், உள்ளே அதே பழைய நாற்றம். கல்யாணத்துக்குப் போகிற நாளில் நீங்கள் பூசுகிற பவுடர் ஞாபகம் வந்தது.

"இது எவ்வளவு நாளைக்கு ஓடும்?" என்று கேட்டேன்.

"நம்ம மழை ஒண்டத் தாங்கும். ரெண்டாவது மழைக்கு நான் பொறுப்பில்ல" என்று சிரித்தார் நானா.

மகன் கணக்குப் போட்டான். "முன்னுக்கு ரெண்டும் அசல் போடுவோம். பாரமும் பிரேக்கும் அங்கதான். பின்னுக்கு ரீகண்டிஷன் போட்டாப் போதும்."

"ஏன், பின்னால இருக்கிறவ மனுஷி இல்லையா?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. நானா மற்ற இரண்டையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அசல் நாலைக் கட்டினார். மேலே வருகிற ரப்பர்களையும் புதிதாகப் போடச் சொல்லிக் கொடுத்தார்.

ஹாலிஎலைச் சந்தியில் இருக்கும் கராஜில் வேலை நடந்தது. மெக்கானிக் பாஸ் முதலில் ஜீப்பின் ஒவ்வொரு மூலையையும் கையால் அமுக்கி விட்டுப் பார்த்தார். உங்கள் மூலை தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. "யாரோ நல்ல கனமான ஆளு உக்காந்திருக்காங்க" என்றார்.

"கனமான ஆளுதான். போயிட்டாங்க" என்றேன்.

சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கை இரும்புக் கொக்கிகளால் நெருக்கிப் பிடித்து ஸ்ட்ரட்டை வெளியே எடுத்தார். நெருக்கும்போது எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார், தெறித்தால் ஆளைக் கொன்றுவிடுமாம். புது ஸ்ட்ரட்டின் தண்டை அமுக்கிக் காட்டினார். அது மெதுவாக, அதன் பாட்டில் மேலே எழும்பி வந்தது. உங்கள் மூலையிலிருந்து எடுத்ததை அமுக்கினார். சேற்றில் இறங்குவதுபோல இறங்கி, அப்படியே கிடந்தது.

"இதத்தானே அண்ணே அன்னைக்கே மாத்தக் கொண்டு வந்தீங்க? வண்டிய ஏத்தின பொறகு வேணாம்னு போயிட்டீங்களே" என்றார் பாஸ்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியாம மாத்திரலாம்னு நெனைச்சேம்மா. கிளினிக்குக்குப் போற வழியில, அத்தையோடயே இங்க வந்தேன். அத்தை எறங்கவே மாட்டேன்னுட்டாங்க. 'உங்கம்மா சொல்லாம மாத்தாத. நான் இந்த மூலையிலயே உக்காந்துக்கிறேன்'னாங்க. ஏன் அத்தைன்னு கேட்டேன். ரோட்டப் பாத்து ஓட்டுடான்னாங்க."

மதினி, அப்போது எனக்கு வந்த கோபம், லொறியில் படுத்திருந்தபோதுகூட வந்ததில்லை. அப்படியானால் நான் உங்களைக் குலுக்கவே இல்லை. நீங்களாக ஏறி, நீங்களாக உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு மூலைதான். அதையும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். எல்லாம் தெரிந்திருக்கிறது. இடுப்பு நோக நோக ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடிந்திருக்கிறது. வாயைத் திறக்க மட்டும் முடியவில்லை. சொல்வதைவிட அது உங்களுக்கு லேசாக இருந்ததா?

கீழே கிடந்த உங்கள் ஸ்ட்ரட்டைக் காலால் எத்தினேன். அது அசையவில்லை. என் கட்டைவிரல்தான் வீங்கியது. அதிலும் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

சக்கரங்களை நேர்பார்த்து முடித்த மறுநாள் பேத்தியைக் காட்டப் பதுளைக்குப் போனோம். கருமாதி வரைக்கும் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்பதால், படையலுக்கு வேண்டிய முறுக்கைப் பஜாரில் வாங்கினேன். திரும்பும்போது பேத்தி முன் சீட்டில். நான் பின்னால், உங்கள் மூலையில். முறுக்குப் பெட்டி என் பக்கத்தில். கோயில் வளைவில் ஜீப் ஒருதரம் இறங்கி, எழுந்து, ஆடாமல் போனது. அவ்வளவுதான்.

தூக்கக் கலக்கத்தில் பேத்தி கேட்டாள். "அப்பாயி, பள்ளம் வந்துருச்சா?"

"போயிருச்சு. நீ தூங்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

இன்றைக்குக் காலையில் உங்கள் கருமாதி. முழு முறுக்காகப் பொறுக்கி இலை நடுவில் வைத்தேன். "நாத்தனாருக்குப் புடிச்சதத் தேடி வாங்கியாந்திருக்காங்க பாரு. யாருக்கு வரும் இந்த மனசு" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். காகம் வந்தது. சோற்றைக் கொத்தியது. வடையைக் கொத்தியது. முறுக்குப் பக்கம் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. இரண்டாந்தரம் வைத்துக் கூப்பிட்டோம். அப்போதும் தொடவில்லை.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உங்கள் படத்தைப் பார்த்தேன்.

அதைப் பதிலாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன் மதினி. மூலையில் உட்கார்ந்ததையும் எடுத்துக்கொள்ள மாட்டேன். வாயால் சொல்ல வேண்டும். நான் அங்கே வரும்போது கேட்பேன். அதுவரைக்கும் வருசா வருசம் உங்கள் இலையில் முறுக்கு இருக்கும். பதுளையில் வாங்கி, ஜீப்பில்தான் கொண்டு வருவேன். நாலும் அசல் போட்டிருக்கிறேன். ஒன்றுகூட உடையாமல் உங்கள் முன்னால் வந்து சேரும்.