பேசினில் வளர்ந்த அழுகண்ணி

1957 ஜூலை 9, செவ்வாய்

இன்று காலை அந்தச் செடி ஒரு கொசுவைப் பிடித்தது. என் கண் முன்னால்.

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பூச்சி தின்னும் செடிகள் என்று ஒரு பக்கம் உண்டு. அமெரிக்காவில் ஒன்று, ஈ உட்கார்ந்ததும் இலையைப் புத்தகம்போல மூடிக்கொள்ளுமாம். வருஷா வருஷம் அந்தப் பாடத்தை நடத்துகிறேன், நம்பியதில்லை. இவரிடம் சொல்லிச் சிரித்தபோது, "நம்ம மெட்டு மலையிலயே அப்பிடி ஒண்ணு இருக்கே பாக்கியம், அழுகண்ணின்னு" என்றார். போன வாரம் ஏலத்தோட்டத்துப் பாறைச் சரிவிலிருந்து ஈரமண்ணோடு பெயர்த்து ஓலைப்பெட்டியில் கொண்டுவந்தார். எனாமல் பேசினில் நட்டு வைத்தேன்.

ஒரு காசு அகலம்தான். சிவந்த இலை, அதில் மயிர் மயிராக, ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு. தேன் என்று நினைத்துத்தான் கொசு உட்கார்ந்திருக்கும். கால் ஒட்டிக்கொண்டது. இழுத்தது. அது இழுக்க இழுக்கப் பக்கத்து மயிர்கள் குனிந்து வந்து அதன்மேல் படுத்தன. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். காப்பி ஆறிப்போயிற்று. ஒரு செடிக்கு எப்படித் தெரிகிறது?

இவர் வழக்கம்போல ஜீப்பில் தோட்டத்துக்குப் போய்விட்டார். செவ்வாயும் புதனும் அங்கேதான். வந்ததும் சொல்ல வேண்டும்.

ஜூலை 13, சனி

வாடுகிறதே என்று சாண உரம் வைத்தேன். எல்லாம் கருகிவிட்டன. நானே கொன்றேன்.

ஜூலை 26, வெள்ளி

இவர் மறுபடி கொண்டுவந்தார். இந்த முறை உரம் வைக்கவில்லை, இருந்தும் வாடின. நாலு நாள் முன்னால்தான் உறைத்தது — நம் கிணற்றுத் தண்ணீர். பருப்பு வேகாத உப்புத் தண்ணீரை, பாறையில் மழை குடித்து வளர்ந்ததற்கு ஊற்றினால்? சாரல் விழுந்தபோது அண்டாவை முற்றத்தில் வைத்துப் பிடித்தேன். ஆற்று மணலும் பாசியும் மட்டும் போட்டு, பேசின் அடியில் எப்போதும் ஈரம் இருக்கும்படி வெயிலில் வைத்திருக்கிறேன். மூன்றாம் நாளே நுனிகளில் சொட்டு வந்துவிட்டது.

இதையெல்லாம் இவரிடம் சொன்னபோது, "மழத்தண்ணி மட்டுந்தானா? உரமே கூடாதா? திருப்பிச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டார். இவர் என் பேச்சை இப்படி உன்னிப்பாகக் கேட்டு எத்தனை வருஷம்! சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். எறும்பு ஒட்டிக்கொண்டதும் ஒருத்தி அலறினாள். ஒரு துணுக்குக் கறி வைத்துப் பார்த்தேன். அந்த இலை அழுகி நாறிற்று. அதற்கு வேண்டியது சின்ன உயிர்கள்தான்.

பக்கத்து வீட்டுப் பொன்னுமணி, "ஏசு சாமி கும்புடுற வேதக்கார வீட்டுல உசுரு திங்கிற செடி எதுக்கு டீச்சர்? ஏற்கெனவே உங்களுக்குப் பிள்ள தங்கல" என்றாள். வேண்டுமென்று சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

செப்டம்பர் 28, சனி

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டால் வருமோ என்னவோ.

காலாண்டு விடுமுறை. இவர் ஏலக்காய் விற்க விருதுநகர் போயிருக்கிறார். பாசி தீர்ந்துபோயிற்று. செடி வளரும் இடத்தை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டுமென்றும் ஆசை. ஜீப்பு ஓட்டும் காசிராஜனைக் கூப்பிட்டேன். "மழையா இருக்கும் டீச்சரம்மா, அண்ணாச்சி வரட்டுமே" என்று இழுத்தான். நான்தான் பிடிவாதமாக ஏறி உட்கார்ந்தேன்.

மெட்டுக்கு மேலே, தோட்டத்துக்குப் பிரிகிற இடத்தில், சுமை தூக்கி வந்த ஒரு பெண்ணிடம் அழுகண்ணி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "பாறையெல்லாம் ஏற வேணாம்மா. சுருளியம்மா வீட்டுலயே வளக்குறாக" என்று ஓட்டு வீடு ஒன்றைக் காட்டினாள். காசிராஜன் ஜீப்பை விட்டு இறங்கவேயில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வாசலில் உடைந்த சட்டிகள், தகரங்கள், எல்லாவற்றிலும் அழுகண்ணி. செக்கச்செவேலென்று, என்னுடையதைவிட நன்றாக. கூரைத் தண்ணீரைப் பானை வைத்துப் பிடித்திருந்தது. இருபத்தைந்து வயதிருக்கும், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"போடியில இருந்து வர்றீகளா? செடி வளக்குற டீச்சரம்மா நீங்கதானா!" முகமெல்லாம் சிரிப்பு. "மழத்தண்ணிதான் ஊத்தணும், உரம் வைக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லிவிட்டீகளாம்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டணும்னு அவுக கேட்டாக. அதான் சாகாம வளத்து வளத்துக் குடுத்து விடுறேன்."

"யார் கேட்டது?"

"எங்க வீட்டுக்காரருதான். ஏலக்கா யாவாரம். வாரத்துக்கு ரெண்டு நாளு இங்கன இருப்பாக."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. இல்லை, புரிந்தது. புரியக் கூடாதென்று நின்றேன். பேர் என்ன என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டாள். புருஷன் பேரை எப்படிச் சொல்லுவாள்? உள்ளே திரும்பி, "ஏ சாந்தகுமாரி, ஒன் அப்பா பேரு என்னன்னு டீச்சரம்மாவுக்குச் சொல்லு" என்றாள்.

நாலு வயது இருக்கும் குழந்தைக்கு. கதவைப் பிடித்துக்கொண்டு, "பெத்துராசு" என்றது.

இவர் பேர். சாந்தகுமாரி என் மாமியார் பேர்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். மலை ஏறியதில் தலை சுற்றுகிறது என்று அவள் உட்கார வைத்துச் சுக்குத்தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "அவுக பாவம் டீச்சரம்மா. மொத சம்சாரம் காலராவுல போயிருச்சாம். பிள்ளையும் இல்ல. அதான் இவ மேல உசுரா இருக்காக."

அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்தேன். எப்படிக் குடித்தேன்? பாசியும் ஒரு சட்டிச் செடியும் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன். நான் யார் என்று சொல்லவில்லை. வழியெல்லாம் காசிராஜன் அழுதான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். செத்தவளுக்கு என்ன உடம்பு?

அக்டோபர் 1, செவ்வாய்

விருதுநகரிலிருந்து வந்தார். சாப்பாடு போடவில்லை. சுருளியம்மாளைப் பார்த்தேன் என்றேன்.

"நீ எதுக்கு அங்க போன?"

இதுதான் முதல் கேள்வி. வேறு ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நான் செத்துப்போனதாக ஏன் சொன்னீர்கள் என்றேன்.

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

ஒரு பேச்சுக்காம்! ஒரே வாயால் என்னைக் கொன்றுவிட்டு, நான் சொன்ன மழைத்தண்ணீர்ப் பக்குவத்தையும் கொண்டுபோய் அவளிடம் சொல்லியிருக்கிறார். செத்தவ பேசுனத ஒழுங்கா மனப்பாடம் பண்ணிட்டுப் போயி! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்காமல் இவர் பயந்துபோனார்.

இது என் அப்பா எனக்கு எழுதிவைத்த வீடு. உங்கள் ஏலக்காய்க் கடை மாடியில் படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நாலு நாளில் தணிந்துவிடுவாய் என்று சொல்லிக்கொண்டே பெட்டியை எடுத்தார்.

அக்டோபர் 6, ஞாயிறு

இவர் தம்பி சுந்தரராஜ் வந்தார். "சோலி முடிஞ்சிருச்சு மதினி. அந்தப் புள்ளைய அனுப்பியாச்சு. இனி அண்ணன உள்ள சேத்துக்கங்க. சபையில யாருக்கும் தெரிய வேணாம்." ஏலக்காய் மூட்டையை லோடு ஏற்றி அனுப்பியதுபோலச் சொன்னார். எங்கே அனுப்பினீர்கள் என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நான் கேட்டது அதையா? அவளை விரட்டு என்று ஒரு வார்த்தை சொன்னேனா?

அக்டோபர் 8, செவ்வாய்

காசிராஜன் சொன்னான். கொட்டுகிற மழையில் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டார்களாம். தேவாரம் ஊரில் அவள் அப்பன் வீட்டில் கதவு திறக்கவில்லை. யானைக் காவலுக்குப் போட்ட குடிசையில் குழந்தையோடு கிடக்கிறாளாம். "சொல்லாம இருந்தது என் தப்பு டீச்சரம்மா" என்றான். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியவில்லை.

அக்டோபர் 9, புதன்

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுத் தேவாரம் போனேன். சோளக்காட்டு ஓரம். என்னைக் கண்டதும் எழுந்தாள். "டீச்சரம்மா, செடியெல்லாம் அங்கேயே கெடக்கு. கொண்டார முடியல" — அதைத்தான் முதலில் சொன்னாள்.

நான்தான் அவருடைய சம்சாரம் என்றேன். சாகவில்லை என்றேன்.

அவள் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே தொட்டுப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்கு என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சீகளே. ஒரு வார்த்த சொல்லலியே."

என்னோடு வா என்றேன். "எந்த மொகத்த வச்சுக்கிட்டு வருவேன்? போங்க" என்றாள். குழந்தைக்கு உடம்பு சுட்டது. பஸ்சில் தனியாகத் திரும்பினேன். இவள் மேல் எனக்குக் கோபம் வர வேண்டுமல்லவா? தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

பள்ளி விட்டு வந்தால் வாசலில் நிற்கிறாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு தகரப்பெட்டி.

"காய்ச்ச விடல. ஆசுபத்திரி எங்க இருக்குன்னு தெரியல. சும்மா இருந்து சாப்பிட மாட்டேன், ஏலக்கா பொறுக்கப் போயிருவேன்."

முதலில் ஆஸ்பத்திரி என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. சபைப் பெரியவர் வந்து இது முறையா என்று கேட்டார். எது என்று கேட்டேன். துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். பொன்னுமணி பேச்சை நிறுத்திவிட்டாள், ஆனால் குழந்தைக்கு முறுக்கு மட்டும் கொடுத்தனுப்புகிறாள்.

செடிகள் காய்ந்து வருகின்றன. இது ஒரு பருவம் மட்டும் வாழ்கிற ஜாதி போலிருக்கிறது. தூள்போன்ற விதைகளை ஈர மணலில் தூவலாம் என்றேன். உலர்த்தி வைத்துச் சித்திரை மழைக்குப் போடலாம் என்கிறாள் அவள். சத்தம் போட்டுக்கொண்டோம். பாதி எனக்கு, பாதி அவளுக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

டிசம்பர் 7, சனி

மாலையில் அவர் வந்தார். சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. படியில் நின்று, "உள்ள வரலாமா பாக்கியம்?" என்றார். கல்யாணமான நாள் முதல் இந்த வீட்டுக்குள் அவர் கேட்டு நுழைந்ததில்லை.

உள்ளே குழந்தைக்குத் தலைசீவிக்கொண்டிருந்த சுருளியம்மாள், "யாரு அக்கா வந்திருக்கது?" என்றாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவரும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏலக்கா யாவாரி ஒருத்தரு. வீடு மாறி வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.