யார் தோளில் உட்கார்ந்திருந்தேன்?

செப்டம்பர் 3

காப்பகத்தில் இன்று பதினொன்றாவது ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்து முடித்தேன். விடுதலை நாளின் ஐம்பதாம் ஆண்டுக்குப் புத்தகம் போடுகிறார்கள். அன்று மைதானத்தில் கொடி ஏறியதை நேரில் பார்த்தவர்கள் வந்து பேசுவார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடிப்பேன். பதினொரு பேரில் ஒன்பது பேர் "அன்னைக்கு மழை தூறிச்சு" என்கிறார்கள். வானிலைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை! மூன்றாம் வகுப்புப் பாடத்தில் 'வானமும் ஆனந்தக் கண்ணீர் சொரிந்தது' என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில்தான் இத்தனை பேரும் நனைந்திருக்கிறார்கள். நாள் முழுக்க எனக்கு ஒரே சிரிப்பு.

செப்டம்பர் 5

மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் முத்திரை. வெற்றுத் தாளைக் கொடுத்தாலும் குத்திவிடுவார். இன்று என்னிடம், "நீங்களும் அன்னைக்கு அங்க இருந்தீங்களாமே? உங்களையும் பதிவு பண்ணிடலாம் சார்" என்றார்.

இருந்தேன். நாலரை வயது. அப்பா தோளில் உட்கார்ந்திருந்தேன். கொடி ஏறியது, ஜனம் ஓவென்று கத்தியது, அப்பா என் இரண்டு கணுக்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்பாவைப் பற்றி எனக்கு இருப்பது இது ஒன்றுதான். முகம்கூடப் புகைப்படத்தில் பார்த்ததுதான். பள்ளியில் ஒவ்வொரு விடுதலை நாளிலும் என்னை மேடையேற்றிச் சொல்லவைப்பார்கள். வீட்டிலும் வருடம் தவறாமல் சொல்லிவிடுவேன்.

சித்தப்பாவும் கேட்டிருக்கிறார், நாற்பத்தெட்டு தடவை. அப்பா போனபிறகு அம்மா கட்டிக்கொண்டவர். அம்மாவும் போய் மூன்று வருடமாகிறது. இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "மோட்டார் போட்டியா?" "போட்டாச்சு." பேச்சு அதோடு சரி. நல்ல மனிதர்தான். என் அப்பா இல்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 8

படிவத்தில் ஒரு நிபந்தனை. உடன் இருந்தவர் பெயரும் புத்தகத்தில் வரவேண்டுமானால், அவர் உயிரோடு இல்லாத பட்சத்தில் இறப்புச் சான்றிதழ் நகல் வேண்டுமாம். அம்மா சான்றிதழ்களை வைத்திருந்த பையை அலமாரியிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 9

அப்பா இறந்தது விடுதலை நாளுக்கு ஏழு மாதம் முன்னால்.

செப்டம்பர் 10

தப்பாக எழுதியிருப்பார்கள் என்று அக்காவுக்கு ஃபோன் செய்தேன். என்னைவிட எட்டு வயது மூத்தவள். "தேதி சரிதான்டா" என்றாள்.

"அப்ப நான் யாரு தோள்ல உக்காந்திருந்தேன்?"

"சித்தப்பா தோள்லதான். அப்ப அவர் நமக்கு யாருமில்ல, பக்கத்து போர்ஷன் டெய்லர். அம்மாவுக்கு வேலை. நீ போயே ஆகணும்னு அழுத. அவர் கடையை அடைச்சிட்டு நம்ம ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனார்."

"அப்புறம் நான் ஏன் அப்பான்னு..."

"ஒண்ணாங்கிளாஸ்ல டீச்சர், 'விடுதலை வாங்கிக் கொடுத்தது உங்க அப்பாக்கள்தான், அன்னைக்கு உங்க அப்பா என்ன செஞ்சார், ஒவ்வொருத்தரா சொல்லுங்க'ன்னாங்களாம். நீயும் சொல்லிட்ட. எல்லாரும் கை தட்டினாங்களாம். வீட்டுக்கு வந்தும் சொன்ன. அம்மா சொல்ல வாயெடுத்தாங்க. சித்தப்பா வேண்டாம்னு கண்ணைக் காட்டினார்."

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. மழையில் நனைந்தவர்களைப் பார்த்துச் சிரித்தவன்தானே நான்!

செப்டம்பர் 11

வேலைக்குப் போகவில்லை. கோபம் கோபமா வருது. யார் மேல? டீச்சர் மேலயா? அந்தம்மாவுக்கு என்ன தெரியும், நாட்டுக்கே அன்னைக்கு ஒன்றரை வயசு. எல்லாப் பிள்ளைக்கும் சொல்ல ஒரு அப்பா இருந்தார், நானும் ஒருத்தரை உண்டாக்கிக்கிட்டேன். அப்பான்னு எனக்கு இருந்தது அது ஒண்ணுதான் — அதையும் ஒரு காகிதம் பிடுங்கிக்கிச்சு. இப்ப கண்ணை மூடினா அப்பாவே இல்ல. கணுக்கால்ல அந்தப் பிடி மட்டும் அப்படியே இருக்கு.

யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன? இத்தனை வருடம் ஓடிய கதை, இன்னும் கொஞ்சம் ஓடாதா?

செப்டம்பர் 12

சித்தப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் தோளைப் பார்த்தேன். வலது பக்கம் சற்று இறங்கியிருக்கிறது. எத்தனை வருடமாக அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 16

நாளை பதிவு. காலையில் கேட்டேவிட்டேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, அன்னைக்கு என்னைத் தூக்கிட்டுப் போனது நீங்கதானாமே?"

ஊசி நிற்கவில்லை. "அக்கா சொன்னாளா?"

"ஏன் இத்தனை வருஷம் நீங்க சொல்லல?"

"உங்க அப்பான்னு உனக்கு வேற என்ன இருந்துச்சு? இருக்கற ஒண்ணையும் எதுக்கு எடுக்கணும்?"

அழுதுவிட்டேன். ஐம்பத்து நாலு வயதில், மூக்கைச் சிந்திக்கொண்டு. அவர் நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டையையே நீட்டினார், துடைத்துக்கொள்ள.

"நாளைக்கு நீங்களும் வாங்க. நான் தப்பா சொன்னது போதும், நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்தைச் சொல்றது? கொடி ஏறினதை நான் பார்க்கவே இல்லையே."

"பார்க்கலையா?" என்றேன்.

"கூட்டம் கத்தினதும் நீ பயந்துட்ட. ரெண்டு கையாலயும் என் கண்ணைப் பொத்திக்கிட்ட. நீ கையை எடுக்கறப்போ கொடி உச்சிக்குப் போயிடுச்சு. வருஷா வருஷம் நீ சொல்லித்தான் அது எப்படி ஏறிச்சுன்னு எனக்குத் தெரியும். நீயே சொல்லுப்பா. நல்லா சொல்லுவ."

செப்டம்பர் 17

இரண்டு நாற்காலி, ஒரு மைக். பேசி முடித்ததும் முத்திரை என்னைத் தனியே அழைத்து, "பார்க்காதவரை நேரில் பார்த்தவர்னு எப்படி சார் போடறது?" என்றார். போடுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குத்தினார்.

செப்டம்பர் 19

எங்கள் பதிவை நானே தட்டச்சு செய்தேன். கொடி ஏறும் இடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியிருக்கிறோம். எந்த வரி யாருடையது என்று பிரிக்க வேண்டும், அதுதான் விதி. நாலு தடவை ஓடவிட்டுக் கேட்டேன். பிறகு பிரிக்காமலேயே அடித்துக் கொடுத்துவிட்டேன்.