டோர்பன் சுத்தம் செய்த வரிகள்

கோபன்ஹேகன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது.

கூட வேலை பார்க்கும் டோர்பன், எங்கள் மென்பொருளின் கோட் வரிகள் முழுக்க இடைவெளிகளை மட்டும் சீராக்கினான். ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைத்தான் கம்ப்யூட்டர் காட்டும். மூன்று வருடமாக நான் எழுதியதெல்லாம் இப்போது அவன் பெயரில்! வெள்ளிக்கிழமை எல்லாரும் கேக் சாப்பிடும்போது மேலாளர், "இந்தப் பகுதிய எவ்ளோ அழகா எழுதியிருக்கீங்க டோர்பன்!" என்றார். வாய் நிறைய கேக்கோடு தலையாட்டுகிறான், அம்மா!

"எழுதினது நானு. நீ வெறும் ஸ்பேஸ் தட்டினவன்!" என்றேன்.

"சுத்தம் பண்ணதுக்கா இவ்ளோ கோபம், ஹில்லா?" என்று சிரிக்கிறான்.

சுத்தமாம்! விடு, நீ கவலைப்படாதே. குளிர் வந்துவிட்டது, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்பு. பஸ் வருகிறது, முடிக்கிறேன். நான் பாலர் பள்ளிக்குப் போகும்போது துணிகளில் தைத்துத் தருவாயே, அதே மாதிரி காலுறையில் என் பெயரைத் தைத்துவிடு.

உன் மகள்,
ஹில்லா